கட்சிக்கார நிறுவனத்தில் அயல்பணி: பயிற்சி வழக்கறிஞர் ஒரு நாள் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்

இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டப்படி சொலிசிட்டர் என்னும் வழக்கறிஞராகப் பயிற்சி பெறுபவர்களில் சிலரை, அவர்களுடைய சட்ட நிறுவனம் பெரும்பாலும் ஆறு மாத காலத்துக்குக் கட்சிக்கார நிறுவனம் ஒன்றின் சட்டத்துறைக்கு அனுப்பி வைக்கிறது. செகண்ட்மென்ட் என்று அலுவலகத்தில் சொல்லப்படும் இந்த அயல்பணியை முடித்துத் திரும்பிய பிறகு, எனக்குப் பின்னால் அங்கே போனவர்கள் சிலருக்கு நான் வேலையை ஒப்படைத்திருக்கிறேன். அவர்கள் சட்டம் தெரியாமல் தடுமாறியது குறைவு. வேலையைத் தொடங்கும் வரிசை பிசகித் தடுமாறியதுதான் அதிகம்.

சட்ட நிறுவனத்தில் ஒரு வேலை பயிற்சியாளரின் மேசைக்கு வருவதற்குள் பங்குதாரரோ மூத்த வழக்கறிஞரோ அதைச் சலித்து, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக வடித்திருப்பார். கட்சிக்கார நிறுவனத்தில் அந்தச் சல்லடையாக நீங்களே இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

1. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அயல்பணிக் கடிதத்தை முழுவதும் படியுங்கள். அங்கே உங்களை மேற்பார்வையிடுபவர் யார், உங்கள் ஆலோசனைக்கு யார் பொறுப்பு, தொழிற்காப்பீடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனெனில் சிக்கல் வந்த பிறகு இதே கேள்வி குற்றச்சாட்டாகத் தொனிக்கும்.

பயிற்சிக் கணக்கையும் முன்கூட்டியே பேசி முடிப்பது நல்லது. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்க்யூஇ என்னும் சொலிசிட்டர் தகுதித் தேர்வு முறையில், தகுதிக்குரிய இரண்டு ஆண்டு பணி அனுபவத்தை நான்கு அமைப்புகள் வரை பிரித்துப் பெறலாம். ஆனால் அதை ஒரு சொலிசிட்டரோ அமைப்பின் இணக்க அலுவலரோ உறுதிப்படுத்த வேண்டும். அதை யார் செய்வார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால், ஆறாவது மாதத்தில் பழைய மின்னஞ்சல்களைத் தோண்ட வேண்டியிராது.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளில் மூன்று ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்: நிறுவனத்தின் மாதிரி ஒப்பந்தங்கள், எந்த ஷரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்லும் பேச்சுவார்த்தைக் குறிப்பு, எந்தத் தொகை வரை யார் கையெழுத்திடலாம் என்ற அதிகாரப் பட்டியல். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. அது இல்லாமல் செய்யும் ஒப்பந்த வேலை கடைசி நாளில், கையெழுத்திட வேண்டியவர் விடுமுறையில் இருக்கும்போது, முட்டிக்கொண்டு நிற்கும்.

2. காலை முதல் அரைமணி: பதில் எழுதாமல் பட்டியல் போடுங்கள்

காலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்ததும் மேலே இருப்பதற்குப் பதில் எழுதத் தொடங்குவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. முதல் அரைமணி நேரத்தில் எந்தப் பதிலும் அனுப்பாமல், வந்திருப்பவை அனைத்தையும் ஒரே எக்செல் தாளில் வரிசைப்படுத்துங்கள்: கேட்டவர், எதிர்த்தரப்பு, ஆவணத்தின் வகை, கெடு, இப்போது யார் கையில் இருக்கிறது.

தாளில் 'யார் கையில்' என்ற கடைசிப் பத்தியே முக்கியமானது. பாதிக்கு மேற்பட்ட வேலைகள் எதிர்த்தரப்பிடமோ நிதிப் பிரிவிடமோ காத்துக் கிடக்கும். அவற்றை நாம் செய்ய வேண்டியவையாக எண்ணிக்கொண்டிருப்பதால்தான் தலை கனக்கிறது.

கெடு சட்டத்தால் விதிக்கப்பட்டதா, யாரோ ஒருவர் விரும்பியதா என்பதையும் பிரித்துக் குறியுங்கள். தன்னைப் பற்றிய தரவுகளைத் தரும்படி முன்னாள் ஊழியர் ஒருவர் கேட்டிருந்தால், பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்றாலும், நீட்டிக்கப்போவதை அந்த முதல் மாதத்துக்குள்ளேயே தெரிவித்தாக வேண்டும். இது வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வந்து, அங்கே பத்து நாள் கிடந்து, பிறகுதான் உங்களிடம் வரும். நாள் கணக்கு உங்களிடம் வந்த தேதியிலிருந்து அல்ல, நிறுவனத்துக்கு வந்த தேதியிலிருந்து ஓடுகிறது. இதற்கு மாறாக, 'இன்று மாலைக்குள் அவசரம்' என்று விற்பனைப் பிரிவு அனுப்புவது பல நேரங்களில் வியாழக்கிழமை வரை பொறுக்கும்.

சட்ட நிறுவனத்தில் ஆறு நிமிடத்துக்கு ஓர் அலகாக நேரத்தைப் பதிந்து பழகிய கைக்கு இங்கே பதிய ஒன்றுமிராது. அந்த அளவுகோலின் இடத்தை இந்தத் தாள் பிடித்துக்கொள்கிறது.

3. வேலையை வாங்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

காலை ஒன்பதரை மணிக்கு விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் மேசைக்கு வருவார். 'ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம், இரண்டே பக்கம், சும்மா ஒரு பார்வை பார்த்துத் தர முடியுமா?' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே இரண்டு பக்கம்தான். ஆவணத்தைத் திறப்பதற்கு முன் அவரை உட்கார வைத்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு என்ன வியாபாரம் நடக்கப்போகிறது? யார் யாருக்கு எந்தத் தகவலைக் கொடுக்கப்போகிறார்கள்? ஏதாவது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதா? இது இன்று கையெழுத்தாகாவிட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம் பதிலாக வரும். விலைப்பட்டியலைப் போன வாரமே அனுப்பிவிட்டிருப்பார்கள். அது தெரிந்தால், ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கையெழுத்திட்ட தேதிக்கு முன்பு கொடுத்த தகவலுக்கும் பொருந்துமாறு ஒரு வரி சேர்த்தால் போதும். தெரியாவிட்டால், எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் ஒப்பந்தம் காக்க வேண்டிய பொருளைக் காக்காது.

நான்காவது கேள்வியை எரிச்சல் தொனிக்காமல் கேட்கப் பழக வேண்டும். 'எதற்காகக் கேட்கிறேன் என்றால், இதை முன்னால் வைத்தால் இன்னொருவருடைய வேலையைப் பின்னால் தள்ள வேண்டும்' என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் நேர்மையாகவே பதில் சொல்வார்கள்.

4. எதிர்த்தரப்பின் பெயரை முதலில் சரிபாருங்கள்

இந்தப் படி சிறியது. ஆனால் ஐந்தாவதற்கு முன்னால்தான் வர வேண்டும். எதிர்த்தரப்பின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பனிஸ் ஹவுஸின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வணிகப் பெயரில் அனுப்பப்பட்ட ஒப்பந்தத்தின் பின்னால் கலைக்கப்பட்ட நிறுவனமோ, சொத்தே இல்லாத துணை நிறுவனமோ இருக்கலாம்.

வேறொரு காரணமும் உண்டு. அந்த எதிர்த்தரப்பு உங்கள் சட்ட நிறுவனத்தின் இன்னொரு கட்சிக்காரராக இருக்கலாம். சென்ற ஆறு மாதத்தில் நீங்களே அவர்களுடைய கோப்பில் வேலை செய்திருக்கலாம். சொலிசிட்டர்களின் நடத்தை விதிகளில் 6.3ஆவது பத்தி, இப்போதைய கட்சிக்காரர்களின் விவகாரங்களை மட்டுமல்லாமல் முன்னாள் கட்சிக்காரர்களின் விவகாரங்களையும் ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. அப்படியொரு பெயர் கண்ணில் பட்டால் ஆவணத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சட்ட நிறுவனத்தில் உள்ள உங்கள் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். கட்சிக்கார நிறுவனத்திடம் 'இந்த வேலையை நான் செய்ய இயலாது, வேறொருவரிடம் தர வேண்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணத்தை விளக்கப் புகுந்தால் அந்த விளக்கமே ரகசியத்தை உடைத்துவிடும்.

5. ஒப்பந்தத்தைப் படிக்கும் வரிசை

முதல் பக்கத்திலிருந்து திருத்திக்கொண்டே போவது தவறான வரிசை. முதல் வாசிப்பில் எதையும் திருத்தாமல் முழுவதையும் படியுங்கள். மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ஒரு விலக்கு, முதல் பக்கத்தில் நீங்கள் பத்து நிமிடம் செலவிட்டுத் திருத்திய வரியைத் தேவையற்றதாக்கிவிடும்.

இரண்டாவது வாசிப்பில், அங்கே இருக்கக் கூடாதவற்றைத் தேடுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்ற தலைப்பின் கீழ், எங்கள் ஊழியர்களை நீங்கள் வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற தடையும், எந்த மீறலுக்கும் முழு இழப்பையும் ஈடுகட்டுவோம் என்ற உறுதிமொழியும், பேச்சுவார்த்தையில் உருவாகும் எல்லா யோசனைகளும் எங்களுக்கே சொந்தம் என்ற வரியும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இவை பெரும்பாலும் 'பொது' என்று தலைப்பிட்ட கடைசி ஷரத்தில் இருக்கும். படிப்பவரின் கண் களைக்கும் இடம் அதுதான்.

மூன்றாவது வாசிப்பில்தான் திருத்தம். கடமை இரு தரப்புக்கும் உண்டா, ஒரு தரப்புக்கு மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். மற்ற ஷரத்துகளை எவ்வளவு கடுமையாக வைக்கலாம் என்பதை அது முடிவு செய்யும். அடுத்து, தகவலை யாரெல்லாம் பார்க்கலாம் என்ற பட்டியல். நமது தணிக்கையாளரும் குழுமத்தின் மற்ற நிறுவனங்களும் விடுபட்டிருந்தால், கையெழுத்திட்ட மறுநாளே நாம் ஒப்பந்தத்தை மீறியவர்கள் ஆவோம். பிறகு கால அளவு. அதன் பிறகு, தகவலைத் திருப்பித் தரும் அல்லது அழிக்கும் கடமை: தானாக எடுக்கப்படும் காப்புப் பிரதிகளை எந்த ஐடி பிரிவும் தேடித் தேடி அழிக்காது என்பதால் அவற்றுக்கு விலக்கு கேளுங்கள்.

பெரிய சேவை ஒப்பந்தமாக இருந்தால் பொறுப்பு வரம்பு ஷரத்தை, அதாவது அதிகபட்சம் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும் என்று சொல்வதை, வணிகப் பிரிவோடு பேசாமல் தொடாதீர்கள். அந்தத் தொகை வணிக முடிவு, சட்ட முடிவு அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது, சட்டம் அனுமதிக்காத விலக்கு அதில் இருக்கிறதா என்பதை. அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்க முடியாது என்பது 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின் 2ஆவது பிரிவு.

எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும் என்ற ஆசை பயிற்சிக் காலத்தின் நோய். எதிர்த்தரப்பின் நடை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அர்த்தம் மாறாத இடத்தில் கை வைக்காதீர்கள். திருத்தங்களைக் காட்டும் ட்ராக் சேஞ்சஸில் நாற்பது சிவப்புக் கோடுகள் இருந்தால் உண்மையில் முக்கியமான மூன்றும் அந்த நாற்பதுக்குள் காணாமற்போகும்.

6. பதிலின் முதல் வரியில் முடிவு இருக்க வேண்டும்

அயல்பணியின் முதல் வாரத்தில் மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை, தலைப்புகளும் வழக்கு மேற்கோள்களும் சேர்த்து, கொள்முதல் பிரிவின் மேலாளர் ஒருவருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'நன்றி. கையெழுத்துப் போடலாமா, கூடாதா?' சட்ட நிறுவனத்தில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கக்கூடிய அந்தக் குறிப்பில், அவர் கேட்ட ஒரே கேள்விக்கான விடை இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பின்பற்றிய அமைப்பு இது. முதல் வரியில் முடிவு: 'இந்த இரண்டு மாற்றங்களை அவர்கள் ஏற்றால் கையெழுத்திடலாம்.' அடுத்து, ஏற்காவிட்டால் என்ன நேரலாம் என்பது நிறுவனத்தின் மொழியில்: 'நாம் விலகினாலும் பன்னிரண்டு மாதக் கட்டணம் கொடுக்க வேண்டிவரும்.' கடைசியாக, அவர் என்ன செய்ய வேண்டும் என்பது. சட்டப் பிரிவு எண் தேவையென்றால் அதற்குக் கீழே போகட்டும்.

முடிவு தெரியாதபோது 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்று எழுதாதீர்கள். எந்தச் சூழ்நிலையைப் பொறுத்தது, அதை யார் சொல்ல முடியும், எப்போது நீங்கள் திரும்ப எழுதுவீர்கள் என்ற மூன்றையும் எழுதினால் அதுவே முழுமையான பதில். அனுப்புவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் காட்டுவதில் தயக்கம் வேண்டாம். மேசைக்கு நேரில் வந்து கேட்டவருக்கு நின்ற நிலையிலேயே வாய்மொழியாகப் பதில் கொடுப்பதில்தான் தயக்கம் வேண்டும்.

7. மின்னஞ்சலில் யாரைச் சேர்ப்பது

சட்டத்துறைக்கு ஒரு நகல் போட்டுவிட்டால் அந்த மின்னஞ்சல் நீதிமன்றத்தில் வெளிவராது என்று நிறுவனங்களில் பலர் நம்புகிறார்கள். நீங்களும் நம்பிவிடாதீர்கள். 2020இல் ஜெட்2.காம் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்ட ஆலோசனை கேட்பதோ தருவதோ அந்தத் தகவல் தொடர்பின் மேலோங்கிய நோக்கமாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று சொன்னது. வணிகக் கருத்துக் கேட்டு ஆறு பேருக்குப் போகும் கடிதத்தில் ஏழாவதாக வழக்கறிஞரின் பெயர் இருப்பது போதாது.

2003ஆம் ஆண்டின் த்ரீ ரிவர்ஸ் தீர்ப்பு இன்னொரு பக்கத்தை இறுக்கியது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் என்பதாலேயே ஒருவர் கட்சிக்காரர் ஆகிவிடுவதில்லை. சட்ட ஆலோசனையைக் கேட்கவும் பெறவும் நிறுவனத்தால் அதிகாரம் பெற்றவர்களே கட்சிக்காரர். ஆகவே தகராறாக மாறக்கூடிய விஷயம் என்றால், யார் அந்த அதிகாரம் பெற்றவர் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவருக்கு மட்டும் தனிக் கடிதமாக எழுதுங்கள். ஆலோசனையையும் விலைப் பேச்சையும் ஒரே மின்னஞ்சலில் கலக்காதீர்கள்.

எதிர்த்தரப்புக்கு எழுதும்போது வேறொரு ஆபத்து உண்டு. மின்னஞ்சலின் அடியில் தானாக வரும் பெயரும் பதவியும்கூட, நிலம் பற்றிய ஓர் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தாகும் என்று 2019இல் நியோக்ளியஸ் எதிர் ரீஸ் வழக்கில் தீர்ப்பானது. பேச்சு முடியும் வரை 'இறுதி ஒப்பந்தத்துக்கு உட்பட்டது' என்ற தொடரைத் தலைப்பில் வைத்திருங்கள். அதை ஒவ்வொரு கடிதத்திலும் நினைவு வைத்து எழுதுவதைவிட முதல் கடிதத்தின் தலைப்பிலேயே போட்டுவிட்டால் பதில்களோடு தானே தொடரும். புதிய கடிதம் தொடங்கும்போது மட்டும் மறுபடி போட வேண்டும்.

8. கையெழுத்து வாங்குவது

பிற்பகலின் பெரும்பகுதி இதில் போகும். முதலில் அது சாதாரண ஒப்பந்தமா, டீட் என்னும் முறைசார் பத்திரமா என்று பாருங்கள். 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி சாதாரண ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர 6 ஆண்டு, பத்திரத்துக்கு 12 ஆண்டு. தலைப்பில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்லை யாரும் கவனிக்காமல் விட்டால் நிறுவனத்தின் பொறுப்பு இரட்டிப்புக் காலம் நீளும்.

நிறுவனம் நேரடியாகக் கையெழுத்திடுவதானால் 2006ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 44ஆவது பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது: இயக்குநர், செயலர் ஆகியோரில் இருவர் கையெழுத்திடலாம், அல்லது ஓர் இயக்குநர் ஒரு சாட்சியின் முன்னிலையில் கையெழுத்திடலாம். முன்னிலை என்றால் அதே அறையில். காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தவரைச் சாட்சியாகப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேசைக்காரரை அழைத்து வாருங்கள். அந்தச் சாட்சி, அதே பத்திரத்தில் ஒரு தரப்பாக இருப்பவராக இருக்கக் கூடாது.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி, கையெழுத்துப் பக்கம். இயக்குநர் பயணம் போகிறார் என்பதற்காகக் கடைசிப் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி, பிறகு மாறிய வரைவோடு அதை ஒட்டிவிடுவார்கள். 2008ஆம் ஆண்டின் மெர்க்குரி தீர்ப்புக்குப் பிறகு, குறிப்பாகப் பத்திரங்களில், இதைச் செய்யவே கூடாது. முழு இறுதி வரைவையும் மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்திட்ட பக்கத்தை அதே இறுதி வரைவோடு இணைத்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எது இறுதி வரைவு என்பதில் குழப்பம் வராமல் கோப்பின் பெயரில் தேதியையும் பதிப்பு எண்ணையும் போடுங்கள். 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைக்கப்பட்ட மூன்று கோப்புகளிலிருந்து சரியானதைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை மாலையைச் செலவிட்டவன் சொல்கிறேன்.

கையெழுத்தான பிறகு தேதியிடுவது தனிப் படி. எல்லாத் தரப்பும் சம்மதம் சொல்லும் வரை தேதி இடத்தைக் காலியாக விடுங்கள்.

9. உங்கள் சொந்தச் சட்ட நிறுவனத்தோடு பேசும்போது

கட்சிக்கார நிறுவனத்தில் இருக்கும்போது மற்றச் சட்ட நிறுவனங்களின் கட்டண மதிப்பீடுகள் உங்கள் கண்ணில் படும். உங்கள் நிறுவனத்தின் கட்டணத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதும் காதில் விழும். இவற்றில் ஒரு சொல்லைக்கூட உங்கள் சட்ட நிறுவனத்துக்கு எடுத்துப்போகக் கூடாது. அங்கிருந்து மதிய உணவுக்கு அழைக்கும் நண்பர் 'எங்கள் பில்லைப் பார்த்து என்ன சொன்னார்கள்?' என்று விளையாட்டாகக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: 'அதை அவர்களிடமே கேளுங்கள்.'

சிக்கலான சட்டக் கேள்வி வந்தால் பழைய சக ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றும். கேட்பதற்கு முன் இங்குள்ள மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும். ஆவணம் வெளியே போகிறது என்பது முதற்காரணம். அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டணம் உண்டா, அந்த ஆலோசனைக்கு யார் பொறுப்பு என்பவை தெளிவில்லாமல் போகும் என்பது அடுத்தது.

10. கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம்

காலையில் போட்ட தாளைத் திறந்து, 'யார் கையில்' என்ற பத்தியை மட்டும் புதுப்பியுங்கள். காத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். பதில் இன்னும் தயாராகவில்லை என்பதையும் தெரிவிக்கத்தான் வேண்டும். மௌனமாக இருந்தால் அவர்கள் சட்டத்துறையைக் கேட்காமலேயே கையெழுத்திட்டுவிடுவார்கள்.

பிறகு பயிற்சிப் பதிவேடு. செய்த வேலை, அதில் பயன்பட்ட திறன், மேற்பார்வையாளர் சொன்ன திருத்தம் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். கட்சிக்காரரின் பெயரோ விலையோ அதில் வரக் கூடாது, ஏனெனில் இந்தப் பதிவேடு உங்களோடு திரும்பிப் போகும். 'நடுத்தர மதிப்புள்ள சேவை ஒப்பந்தத்தில் பொறுப்பு வரம்பு ஷரத்தைப் பரிசீலித்தேன்' என்ற அளவு போதும்.

அயல்பணியின் கடைசி இரண்டு வாரங்களில் இந்தக் கால் மணி நேரத்தை அரைமணியாக்கி, நிலுவையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள்: எதிர்த்தரப்பில் யாரிடம் பேச வேண்டும், எந்த ஷரத்தில் நிற்கிறது, வாய்மொழியாக என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது. கோப்பில் இருப்பதை அடுத்து வருபவர் தானே படித்துக்கொள்வார். வாய்மொழியாகச் சொன்னதை நீங்கள் எழுதி வைக்காவிட்டால், மடிக்கணினியை ஒப்படைக்கும் நாளோடு அது போய்விடும்.